போர் மீண்டோரும் வாவிக்கரையும்

தமிழிலே போருக்குச் செல்வதற்குத் திணைகள் பல உண்டு. நிரை கவர்வதற்கு வெட்சி, மீட்பதற்குக் கரந்தை, படையெடுப்பதற்கு வஞ்சி, மதில் வளைப்பதற்கு உழிஞை, மதில் காப்பதற்கு நொச்சி, எதிரெதிர் நின்று பொருவதற்குத் தும்பை, வென்றதற்கு வாகை என்று வினைக்கொரு பூ வகுத்து வைத்தனர் நம் முன்னோர். களத்தில் விழுந்தவனுக்கு நடுகல் உண்டு. அவன் குடும்பத்தாருக்கு இறையிலி நிலம் விட்டு அதற்கு உதிரப்பட்டி என்று பெயரும் இட்டனர். விழாமல் மீண்டவனுக்கு என்ன உண்டு? முல்லை உண்டே என்று கல்லூரி மாணவர் எவரேனும் விடை கூறக்கூடும். உண்மைதான். நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலே தலைவன் வினைமுற்றித் திரும்புகிறான். அவன் தேர்க் குதிரைகளின் ஆரவாரம் காத்திருந்த தலைவியின் செவியை நிறைக்கிறது. அங்கே பாட்டு முடிந்துவிடுகிறது. மறுநாட் காலையில் எழுந்து அவன் என்ன செய்தான் என்று புலவர் சொல்லவில்லை. அவனோ அரசன், எழுந்தால் அரசாட்சி காத்திருக்கும். அவன் பின்னே வேலேந்தி நடந்த காலாள் எழுந்து என்ன செய்தான் என்பதே என் கேள்வி.

இது பண்டிதர் பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்வியன்று. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, ஞாயிறு படும் கரையாதலாற் படுவான்கரை எனப் பெயர்பெற்ற ஊர்களிலே, இக்கேள்வி வீட்டுக்கு வீடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கிழக்கே, கடலோரத்து எழுவான்கரையிற் பட்டினமும் பெரிய பாடசாலைகளும் கச்சேரியும். மேற்கே வயலும் குளமும் மேய்ச்சற் காடும். 2014 இல் மண்முனையிலே பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைக்குப் போவோர் துறையிலே பாதைக்குக் காத்து நின்றனர். பாடும் மீனைப் பற்றி வேறு யாரேனும் எழுதுவர். நான் கரையைப் பற்றி எழுத வந்தேன்.

படுவான்கரையின் பிள்ளைகள் இயக்கங்களுக்குப் போனது ஒரே காலத்திலன்று; ஒரே காரணத்தாலுமன்று. 1983 க்குப் பின் சினத்தோடு போனவர் உண்டு. 1987 ஜனவரியில் மகிழடித்தீவுப் பக்கத்து இறாற் பண்ணையிலே வேலை செய்தோர் கொல்லப்பட்டதையும், 1991 ஜூனில் அதே ஊரிலே மறுபடியும் கொலை நடந்ததையும் கண்டு போனவர் உண்டு. பின்னாளில், வீட்டுக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, தரமாட்டோம் என்று சொல்ல இயலாத பெற்றோரின் கையிலிருந்து வாங்கிச் செல்லப்பட்டவரும் உண்டு. அவர்களுட் பலர் வெள்ளைச் சீருடையோடு வகுப்பில் இருந்திருக்க வேண்டிய வயதினர். இத்தனை பேரையும் முன்னாட் போராளி என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குவது நிருவாகத்துக்கு வசதியாக இருக்கலாம்.

அவர்கள் திரும்பி வந்ததும் ஒரே வழியாலன்று. இதனை வடக்கிலிருந்து எழுதுவோர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். 2004 மார்ச்சில் இயக்கம் கிழக்கு, வடக்கு என இரண்டாகப் பிளந்தது. ஏப்பிரலில் வெருகலாற்றங்கரையிலே நேற்றுவரை ஒரே பாசறையில் உண்டவர் எதிரெதிர் நின்றனர். சில நாட்களில் கிழக்குப் படை கலைக்கப்பட்டது. சிறுவரும் சிறுமியருமாக ஆயிரக்கணக்கானோர் காட்டுப் பாதையாலும் வயல் வரம்பாலும் நடந்து வீடு சேர்ந்தனர். அவர்களுக்கு முகாமும் இல்லை, சான்றிதழும் இல்லை, விசாரித்துப் பதிந்த ஏடும் இல்லை. பின்னர் அவர்களுட் சிலரை ஒரு பக்கத்தாரும் சிலரை மறுபக்கத்தாரும் மீண்டும் பிடித்துச் சென்றதும் நடந்தது. 2007 ஜூலையில் குடும்பிமலை வீழ்ந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அதன் பின் வந்தவர்களே முகாம் வழியாக வந்தவர்.

2004 இல் நடந்து வந்தவர்களுள் ஒருவனுடைய தாயாரிடம், பல ஆண்டுகளுக்குப் பின், மகன் எப்படி இருக்கிறான் என்று நான் கேட்டேன். "மனே, காச்சட்டையோட போனவன் காச்சட்டையோட வந்தான். நடுவில என்ன நடந்ததெண்டு நான் கேக்கல்ல, அவன் சொல்லவுமில்ல. மழைக்குள்ள போய் இருந்துகொண்டு வாவியப் பாத்துக்கிட்டு இருப்பான்" என்றார். இதைவிடச் சுருக்கமாக அந்நிலையை எந்த அறிக்கையும் சொல்லி நான் படித்ததில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். 2009 க்குப் பின் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பொறுப்பிலே முகாம்களில் வைக்கப்பட்டுப் பயிற்சி பெற்று விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் 2,000 க்கு மேற்பட்டோர் பெண்கள். 594 பேர் சிறுவர். தச்சு, மேசன் வேலை, மின்னிணைப்பு, தையல் என்று தொழில்கள் கற்பிக்கப்பட்டன. சிலருக்குக் கருவிப் பெட்டிகள் கிடைத்தன. குடிபெயர்வுக்கான சர்வதேச அமைப்பு முதலிய நிறுவனங்களும் தொழில் தொடங்க உதவின. இவற்றாற் பயன் பெற்றவரும் உளர்.

ஆயினும் இம்முயற்சி முழுவதும் தனி மனிதனைத் திருத்தி அனுப்புதல் என்னும் எண்ணத்தின்மேற் கட்டப்பட்டது. பழுதான வண்டியைப் பட்டறையில் விட்டு, செப்பனிட்டு, மீண்டும் தெருவில் விடுவது போன்ற ஏற்பாடு. தச்சுத் தொழில் பயின்றவன் தச்சனாகலாம். ஊர் அவனிடம் கதவு செய்யக் கொடுக்கவேண்டுமே! தையல் பொறியோடு வந்த பெண்ணிடம் அயலவர் சட்டை தைக்கக் கொடுக்கவேண்டுமே! ஊர் தயங்கியது. தயக்கத்துக்குக் காரணமும் இருந்தது. விடுவிக்கப்பட்டவனைப் புலனாய்வுப் பிரிவினர் தேடி வந்தனர். அவன் எங்கே போனான், யாரோடு பேசினான் என்று அயல்வீட்டிலும் விசாரித்தனர். அத்தகையவன் வீட்டுப் படலையைத் திறக்க யார் விரும்புவர்? புனர்வாழ்வு தந்த கை ஒன்றும் கண்காணித்த கண் ஒன்றுமாக ஓர் அரசாங்கமே இரண்டு வேலை செய்தது. இரண்டாவது முதலாவதை அழித்தது.

பெண்களின் நிலை இதனினும் கடினம். கூந்தலைக் கத்தரித்து, ஆண்களோடு சமமாகக் களத்தில் நின்றவளை, திரும்பி வந்த மறுநாளே தலைகுனிந்து நடக்கும்படி ஊர் கேட்டது. காயம்பட்ட கையைக் காட்டினால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போகின்றனர். மறைத்தால் மறைத்தாள் என்கின்றனர். 2015 இல் மறைந்த தமிழினி எழுதி, மறைவின் பின் 2016 இல் நூலாக வெளிவந்த தன்வரலாற்றைப் பற்றி நம் இலக்கிய வட்டங்களில் எத்தனையோ வாதங்கள் நடந்தன. எவர் பக்கம் எழுதினார், எவரைக் காட்டிக்கொடுத்தார் என்றே பெரும்பாலும் வாதிட்டோம். புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்த பெண் எதை நம்பி வாழ்வது என்ற கேள்வியை எடுத்துப் பேசியவர் சிலரே.

இனி நிலத்தைப் பார்ப்போம். போர் மனிதரை மட்டும் கெடுத்துவிட்டு நிலத்தை விட்டுவிடவில்லை. பதுங்குவோருக்கு மறைவாகும் என்று வீதியோரத்து மரங்களும் வாவியோரத்துக் கண்டற் காடும் வெட்டப்பட்டன. போருக்கு முன்பே இறால் வளர்ப்புக்காகக் கரைகளை வெட்டிக் குட்டை அமைத்தோர் உண்டு. குட்டைகள் கைவிடப்பட்டபின் அவற்றின் வரம்புகள் மட்டும் நின்று, நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் ஒட்டாமல் மண்ணை உவராக்கின. சிறு குளங்களின் கட்டுகள் கவனிப்பாரின்றி உடைந்தன. வயல்களிலே கண்ணிவெடி விதைக்கப்பட்டது. அதனை அகற்றி, மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றதென 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது. மண்ணைச் சாண் சாணாகத் தடவி, பட்டாம்பூச்சி பிடிக்கும் குழந்தையின் பொறுமையோடு செய்த வேலை அது. அறிவிப்புக்குப் பத்திரிகைகளில் ஒரு பத்தி கிடைத்தது. என் எண்ணத்தில், இந்நாட்டிலே போருக்குப் பின் நடந்த செயல்களுள் அதனைப் போலத் தூய்மையானது வேறில்லை.

கண்டல் என்னும் மரத்தைப் பற்றி நம் மாணவர்க்குச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நெய்தல் திணையின் கருப்பொருளாகப் பாடத்தில் மனனம் செய்யும் பிள்ளைகள் பலர் கரையில் நிற்கும் அம்மரத்தை நின்று பார்த்ததில்லை. கண்டல் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பழுத்து விழும்போது சேற்றிற் குத்தி நின்றால் அங்கேயே வேர்விடும். நீரில் மிதந்தால் தனக்கு ஏற்ற மேடு கிடைக்கும்வரை அலைந்து திரிந்து பின்னர் நிலைகொள்ளும். கண்ணா மரமோ மூச்சு விடுவதற்காகவே சேற்றுக்கு மேலே பென்சில் போன்ற வேர்களை நிமிர்த்தி வைத்திருக்கும். தில்லை என்னும் மரமும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு. சிதம்பரத்துக்குத் தில்லைவனம் என்ற பெயரைத் தந்த மரம் நம் வாவிக்கரையில் விறகுக்கும் ஆகாதென்று நிற்பதை அறிந்தோர் எத்தனை பேர்? நைலோன் வலை வருமுன் நம் மீனவர் நூல் வலைக்குச் சாயமேற்றியது கண்டற் பட்டையால். இறாற் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது அந்த வேர்களின் இடுக்கிலே. அந்த வேர் போனால் சில ஆண்டுகளில் வலையும் வெறுமையாகும்.

சுனாமியைக் கண்டற் காடு நிறுத்திவிடும் என்று 2004 டிசம்பர் 26 க்குப் பின் பலர் பேசினர். அது மிகைக் கூற்று. நாவலடியை அள்ளிச் சென்ற அலையை எந்த மரமும் நிறுத்தியிராது. அலையின் வேகத்தைச் சற்றுத் தணிக்கும், கரை மண்ணைப் பிடித்துவைக்கும் என்பதே சரி. ஆனால் அந்த மிகைக் கூற்றினால் ஒரு பெருந் தவறு நேர்ந்தது. எல்லாரும் கன்று நடப் புறப்பட்டனர். வங்கிகள் நட்டன, தொண்டு நிறுவனங்கள் நட்டன, பாடசாலைப் பிள்ளைகளும் வரிசையில் நின்று நட்டனர். படம் எடுத்தாயிற்று. ரூகுணைப் பல்கலைக்கழகத்தாரும் பெல்ஜிய நாட்டு ஆய்வாளரும் பின்னர் நாடெங்கும் 23 இடங்களுக்குச் சென்று பார்த்தனர். அவர்கள் கண்டது 2017 இல் வெளியாயிற்று. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் நிலைத்தது இருநூற்றுச் சொச்சம். காரணம் எளியது. நீர் வடியாத ஆழத்திலே நட்டனர்; அல்லது நீரே எட்டாத மேட்டில் நட்டனர். அவ்விடத்துக்கு எந்த மரம் உரியது என்று கேளாமல், கையிற் கிடைத்த கண்டல் விதையையே எங்கும் குத்தினர். நட்டபின் ஆடு மாடு மேய்ந்ததா என்று பார்க்க ஆளில்லை.

நட்டபின் ஆளில்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு புறத்தில், இடத்தோடு ஊன்றி ஐந்தாண்டு பத்தாண்டு பார்க்க ஆளில்லாமற் கரை கெடுகிறது. மறுபுறத்தில், வாவியைப் பார்த்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமின்றி ஆட்கள் இருக்கின்றனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

இந்த வேலைக்கு அவர்கள் பொருந்துவரா என்று கேட்பவர், வேலையை அறியாமற் கேட்கின்றனர். கன்று குத்துவது இதிற் சிறு பகுதி. கைவிடப்பட்ட குட்டை வரம்பை எந்த இடத்தில் வெட்டிவிட்டால் ஓடை பழைய வழியிற் பாயும் என்று கண்டறிவதே பெரும் பகுதி. வழி திறந்தால் விதை தானே மிதந்து வரும். பல இடங்களில் நடவே வேண்டியதில்லை. இருட்டிலே நீரோட்டம் அறிந்து தோணி வலித்தவர், நிலப்படம் பார்க்கப் பழகியவர், இரவெல்லாம் மண்வெட்டி பிடித்தவர், குழுவாக உண்டு குழுவாக உழைத்தவர் இவர்களைவிட எவர் உளர்? போரில் கற்றவற்றுட் கொலையை நீக்கினால் மிஞ்சுவது இத்திறமைகளே. தையற் பொறியோ அவற்றை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது.

பிற நாட்டு உதாரணம் வேண்டுவோர்க்கு அண்டை நாட்டிலே ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி முசூரி மலைச் சரிவுகள் எலும்பு தெரியக் கிடந்த காலத்தில், 1982 டிசம்பரில், இந்தியப் பிரதேச இராணுவத்திலே 127 ஆம் சூழலியற் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அதிலே சேர்ந்தோர் கார்வால் மலைநாட்டு ஓய்வுபெற்ற சிப்பாய்கள். கல் அடுக்கித் தடுப்பணை கட்டி, புல்லும் மரமும் வளர்த்து, அம்மலைகளைப் பசுமையாக்கினர். 1985 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அங்கே பல சுரங்கங்களை மூடும்படி தீர்ப்பளித்தமையும் கைகொடுத்தது. கல் வெட்டுவதை ஒருவர் நிறுத்தாமல் மற்றொருவர் மரம் நட்டுக்கொண்டிருந்தால் என்ன பயன்? அச்சிப்பாய்கள் தம் சொந்த மலையிலே, சம்பளத்தோடு வேலை செய்தனர் என்பதையும் மறக்கலாகாது. ஒன்றில் மட்டும் நாம் அவர்களைப் பின்பற்ற இயலாது. அவர்கள் சீருடையில் வேலை செய்தனர். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எந்தச் சீருடையும், எவருடைய சீருடையும், இனி வேண்டாம். வடக்கிலே சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் முன்னாட் போராளிகள் பலர் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். சம்பளம் உண்மையிலேயே அடுப்பெரித்தது. அதை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் பயிர்ச்செய்கை பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும்வரை, உழைப்பவன் தன்னைக் கைதி என்றும், ஊர் அவனை ஆள்காட்டி என்றும் எண்ணுவதைத் தடுக்க முடியாது.

தவறான உதாரணமும் உண்டு. அது சென்னை அரசாங்கத்தினுடையது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், திரும்பிய படைவீரரைக் குடியேற்றவென வயநாட்டிலே காடு வெட்டி நிலம் பங்கிடப்பட்டது. வீரர்களுக்கு நன்றி செலுத்தியாயிற்று. அக்காட்டிலே அதற்கு முன்பே வாழ்ந்த பழங்குடிகளிடம் எவரும் கேட்கவில்லை. மீண்டவனுக்கு நிலம் கொடுக்கும்போது அது யாருடைய நிலம் என்று கேட்கவேண்டிய கடமை, கிழக்கு மாகாணத்தில் வாழும் எவருக்கும் விளக்கத் தேவையற்றது. கல்லோயாக் குடியேற்றத்தையும் 1956 இல் அங்கே நடந்ததையும் நம் மூத்தோர் அறிவர். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற் தரைக்காகக் கால்நடை வளர்ப்போர் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டத்தை இளையோரும் அறிவர். ஆகவே நான் நிலப் பங்கீடு கேட்கவில்லை. வாவிக்கரை பொதுவாகவே இருக்கட்டும். அதைப் பேணும் வேலையும், அதனால் பெருகும் மீனிலும் நண்டிலும் உரிமையும் கரையூர்களுக்கு இருக்கட்டும்.

இப்போது கடினமான மறுப்புக்கு வருகிறேன். காத்தான்குடியிலிருந்து ஒரு நண்பர் என்னிடம் கேட்கக்கூடும்: 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள் இரவுத் தொழுகையிலே எம்மவரைச் சுட்டவர்களுக்கு நீங்கள் வேலை தேடிக் கொடுக்கிறீர்களா? சில நாள் கழித்து ஏறாவூரில் நடந்ததை மறந்தீரா? சத்துருக்கொண்டானிலே அதே ஆண்டு செப்டெம்பரில் உறவினரை இழந்த தமிழர் வேறொரு சீருடையைக் காட்டி இதே கேள்வியைக் கேட்கலாம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து அதே மாதத்தில் அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத 158 பேரின் வீட்டாரும் கேட்கலாம். தன் பன்னிரண்டு வயது மகளை இழுத்துச் சென்றவன் இன்று அயலூரில் சங்கத் தலைவனாக இருப்பதைக் காணும் தாயும் கேட்கலாம்.

இக்கேள்விகளுக்குக் கண்டல் விடையாகாது. குற்றத்துக்கு விசாரணை வேண்டும். காணாமற்போனோரைப் பற்றி உண்மை வேண்டும். அவை நீதிமன்றத்துக்கு உரியவை. கரையைத் திருத்தினோம், ஆகவே கணக்குத் தீர்ந்தது என்று எவராவது சொல்ல முற்பட்டால் நானே முதலில் எதிர்ப்பேன். ஆனால் கட்டளையிட்டவனையும் பதினான்கு வயதிற் பிடித்துச் செல்லப்பட்டவனையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதும் நீதியன்று. மேலும், வாவி ஒன்றுதான். காத்தான்குடித் தோணியும் ஆரையம்பதித் தோணியும் படுவான்கரைத் தோணியும் ஒரே நீரில் மிதக்கின்றன. இறால் குறைந்தால் மூன்று ஊருக்கும் குறையும். ஆகவே வேலையைப் போர் மீண்டோர்க்கென்று தனியே ஒதுக்காமல், மூன்று ஊர் மீனவர் சங்கங்களும் சேர்ந்த வேலையாகவே வைக்கவேண்டும். நட்புறவு மகாநாடு கூட்டி மேடையிற் கைகுலுக்குவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வரம்பு வெட்டும் இடத்தைப் பற்றிச் சண்டையிட்டு, சண்டை முற்றி, பின் ஒருவாறு ஒத்துக்கொள்வதில் நம்பிக்கை உண்டு. மாரியில் வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரருக்கும் மீன்காரருக்கும் வரும் தகராறு பழையது. அத்தகைய தகராற்றில் ஒருவன் வாய் திறந்து பேசவும் ஊர் அவன் சொல்லைக் கேட்கவும் தொடங்கிய நாளே அவன் வீடு திரும்பிய நாள் என்று கொள்ளலாம்.

பெயர்ப் பட்டியல் வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்னாட் போராளிகளுக்கான திட்டம் என்று பலகை நாட்டினால், அன்று மாலையே பட்டியல் வேறு மேசைக்குப் போகும். 2004 இல் நடந்து வந்து எந்த ஏட்டிலும் பெயரில்லாதவன் அப்பலகையின் அருகே வரவே மாட்டான். ஊரின் பெயரால் வேலை நடக்கட்டும். அதிலே விதவையும், காலிழந்தவனும், வேலையற்ற பட்டதாரியும், அவனும் இருக்கட்டும். அடுத்த மாவட்டத்துச் சிங்களக் கிராமத்தில் காலிழந்து கிடக்கும் சிப்பாயும் ஏழைக் கமக்காரனின் மகனே. அவனுக்காக ரணவிரு சேவா அதிகாரசபையை 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைத்திருக்கின்றனர், ஓய்வூதியம் உண்டு. பணம் வந்தபின்னும் பகற்பொழுது போகாமல் அவன் இருந்தால், அவனுக்கும் இத்தகைய வேலை நன்றே.

கூலி இல்லாமல் இது நடவாது. சிரமதானம் என்னும் அழகிய சொல்லை நம் நாடு உலகுக்குக் கொடுத்தது. 1958 இல் அரியரத்தின என்ற இளம் ஆசிரியர் தம் மாணவரோடு கனதொளுவைக் கிராமத்துக்குச் சென்று வேலை செய்தபோது, வசதி உள்ளவர் வசதி இல்லாதவர்க்குத் தம் உடலுழைப்பைக் கொடுத்தனர். அதிலே பொருள் இருந்தது. இன்று அடுப்பெரியாதவனைக் கூப்பிட்டு, தேநீரும் பணிசும் கொடுத்து, சமூகப் பணி செய் என்பது அச்சொல்லுக்கே இழுக்கு. சுதீச என்னும் நம் சிறு மீனவர் அமைப்பும் சீகொலஜி என்னும் அமெரிக்க அமைப்பும் 2015 இல் அரசாங்கத்தோடு சேர்ந்து தொடங்கிய கண்டற் பாதுகாப்புத் திட்டம், கரையூர்ப் பெண்கள் 15,000 பேருக்குப் பயிற்சியும் சிறு கடனும் கொடுத்து, அதற்கு ஈடாகக் காட்டைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்க எண்ணியது. எண்ணம் நல்லது. நுண்கடனால் நொந்துபோன நம் மாவட்டத்துப் பெண்களிடம் கடன் என்ற சொல்லோடு போவதைவிட, நாட்கூலி என்ற சொல்லோடு போவது மேல் என்பது என் கருத்து. இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை 2024 இல் உலக முன்னோடித் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. ஆகவே பணம் தேடுவது முன்போலக் கடினமன்று.

இவையெல்லாம் பொருளாதாரம், இலக்கியப் பக்கத்தில் இவற்றுக்கு என்ன வேலை என்று கேட்பவர்க்கு ஒன்று சொல்லவேண்டும். போரின் சினத்தோடு வந்தவரை ஊருக்குள் ஏற்கும் வகை மட்டக்களப்புத் தமிழருக்குப் புதிதன்று. வைகாசியில் நம் கண்ணகி கோயில்கள் கதவு திறக்கின்றன. மதுரையை எரித்துவிட்டு வந்தவளை நாம் அப்படியே பீடத்தில் ஏற்றி விட்டுவிடுவதில்லை. சடங்கின் முடிவில் திருக்குளிர்த்தி பாடி, நீர் தெளித்து, அவள் வெம்மையைத் தணிக்கிறோம். அவள் செய்தது சரியா பிழையா என்ற வழக்கை அங்கே யாரும் நடத்துவதில்லை. அவள் எரித்தாள் என்பதை யாரும் மறைப்பதுமில்லை. கொம்புமுறி விளையாட்டிலே ஊர் முழுவதும் வடசேரி தென்சேரியெனப் பிரிந்து, வசை பாடி, கொம்பு முறிய இழுக்கிறது. முறிந்தபின் இரு சேரியாரும் ஒரே கோயிலின் முன் நிற்கின்றனர். இவற்றை நாட்டார் வழக்காறு என்று ஏட்டில் எழுதி வைத்துப் பட்டம் பெறுகிறோம். குளிர்த்தி பாடும் ஊரில், வாவியைப் பார்த்துக்கொண்டு மழைக்குள் உட்கார்ந்திருப்பவனை என்ன செய்கிறோம்?

ஆசிரியர்களுக்கும் இதிலே இடமுண்டு. கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் உள்ள ஓடைகளின் பழைய பெயர்களையும், அவை எங்கே பாய்ந்தன என்பதையும், முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். எந்த வரம்பை வெட்டவேண்டும் என்பதை அத்தகைய ஏடு சொல்வதுபோலக் கொழும்பிலிருந்து வரும் படம் சொல்லாது. வந்தாறுமூலையிலிருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு இருமுறை நீரின் உப்பை அளந்து கொடுக்கலாம். நட்ட நாளிற் படம் பிடிப்பதை விடுத்து, ஐந்தாம் ஆண்டிற் படம் பிடிக்கும் வழக்கத்தைப் பத்திரிகைகள் கொள்ளலாம்.

அடுத்த மாரிக்கு முன் பிரதேச செயலகத்திலோ மீனவர் சங்கத்திலோ இப்பேச்சு எழுமானால், அங்கே போகும் வாசகர் இரண்டு கேள்விகளைக் கேட்கும்படி வேண்டுகிறேன். அந்தக் கரை யாருடையதென்று எந்தப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது? நாட்கூலி எவ்வளவு, அதை எந்தக் கிழமையில் யார் கையிற் கொடுப்பர்? கன்றின் எண்ணிக்கையை அதற்குப் பிறகு பேசலாம்.